கடலோர மணலுக்கு ஏற்ற நாட்டுக்கோழி எது? சிறுவிடை, பெருவிடை, கருங்கோழி, கழுத்தறுத்தான்: ஓர் ஒப்பீடு

இராமநாதபுரம் கடற்கரையில் முப்பது சென்ட் பனந்தோப்பும் அதற்குள் ஒரு வீடும் வைத்திருக்கும் ஒருவர், பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளோடு தொடங்க நினைத்து எந்த இனத்தை வாங்குவது என்று கேட்டால், இனத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பு அவர் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் நான் கேட்பேன். கொங்கு நாட்டுச் செம்மண்ணில் வளர்ப்பவருக்கு எழாத இரண்டு மூன்று கேள்விகள், தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் இந்த மணற்பரப்பில் எழுகின்றன. அவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கிய கோழி, எவ்வளவு பேர் பெற்ற இனமாக இருந்தாலும், இங்கே ஓர் ஆண்டைத் தாண்டுவது கடினம்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 12 கோடி கோழியினப் பறவைகள் இருந்தன. இந்தியாவில் அதுவே முதலிடம். அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் வட்டாரப் பண்ணைகளின் முட்டைக்கோழியும் கறிக்கோழியும்தான். வீட்டு முற்றத்தில் மேயும் பழைய கோழிகளிலும் கலப்பில்லாதவை குறைந்துகொண்டே வருகின்றன. ஊர் ஊராக வண்டியில் விற்கப்படும் கலப்பினக் குஞ்சுகள் வளர்ந்து, தெருச் சேவல்களாகி, எல்லாக் கோழிகளோடும் கலந்துவிட்டன. ஆகவே அரிய இனம் என்று நான் சொல்லும்போது வெளி மாநிலத்திலிருந்து வரும் பெயர்பெற்ற கோழியை மட்டும் குறிப்பிடவில்லை. எங்கள் அப்பத்தா காலத்தில் ஊர் முழுக்க இருந்த சிறுவிடையே இன்று தேடிப் பிடிக்க வேண்டிய இனமாகிவிட்டது.

இந்தக் கட்டுரையில் நான்கு கோழிகளை ஒப்பிடுகிறேன்: சிறுவிடை, அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தின் வழியைச் சேர்ந்த பெருவிடை, மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத் என்னும் கருங்கோழி, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான். விலையையும் முட்டை எண்ணிக்கையையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் விடை வேறு மாதிரி வரும். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. மின்சாரமும் கடைத் தீவனமும் இல்லாத ஒரு மாதத்தில், அந்தக் கோழி தானே அடை உட்கார்ந்து, தானே குஞ்சை மேய்த்து, தன்னைப் போன்ற இன்னொரு தலைமுறையை நம் கையில் கொடுக்குமா என்பதே அது. சிறிய அளவில் ஓர் இனத்தைக் காப்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் தண்ணீர். நம் கடற்கரையில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதனால்தான் கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதும், அதே இடத்தில் ஆழமாகப் போட்ட ஆழ்துளைக் கிணறு உப்பைக் கக்குவதும் நடக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் அது கோழிக்கு நல்ல தண்ணீர். அதற்கு மேல் 3,000 வரை எச்சம் தண்ணீராகப் போகும். ஆனாலும் வளர்ந்த கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 3,000ஐத் தாண்டினால் வளர்ச்சி குன்றி இறப்பு கூடும். 5,000ஐத் தாண்டிய தண்ணீர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒருவாறு ஒத்துவந்தாலும் கோழிக்கு ஆகவே ஆகாது. கையடக்கமான ஓர் அளவுகருவியால் இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். குஞ்சுகள் பெரிய கோழிகளைவிட உப்புக்கு எளிதில் பலியாகும் என்பதால், காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் குஞ்சுகளுக்கு முதல் ஒரு மாதமாவது அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைப்பது நல்லது.

உப்பு தண்ணீரில் மட்டும் வருவதில்லை. கருவாடு காயும் ஊர்களில் கோழிகள் கருவாட்டுத் தலையையும் துகளையும் கொத்தித் தின்கின்றன. புரதம் கிடைக்கிறதே என்று நாமும் விட்டுவிடுகிறோம். கோழித் தீவனத்தில் உப்பு அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உப்பிட்ட கருவாட்டிலோ அது பத்து சதவீதத்துக்கும் மேல் போகும். மீன்கழிவு கொடுப்பதாக இருந்தால் உப்பிடாத பச்சை மீனாகப் பார்த்து, வேகவைத்து, சிறிதளவு கொடுக்கலாம். அதையும் அதிகமாகக் கொடுத்தால் முட்டையிலும் கறியிலும் மீன் வாடை ஏறி, வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். கோழிக்குப் புழு பூச்சி வேண்டுமென்றால் கரையான் போதும். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் மட்டையும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்கு ஒரு வேளைத் தீனி கிடைத்துவிடும்.

இந்த நிலையில் சிறுவிடையைப் பார்ப்போம். பெட்டை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ, சேவல் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. வேகமாக எடை ஏறாது. ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். ஓர் ஈட்டில், அதாவது தொடர்ந்து முட்டையிடும் ஒரு சுற்றில், பன்னிரண்டு பதினைந்து முட்டைகள் இட்டுவிட்டுக் கேறத் தொடங்கிவிடும், அதாவது அடைக்குத் தயாராகிவிடும். முட்டையிடும் நாட்கள் ஏறக்குறைய இருபது, அடைகாக்கும் நாட்கள் இருபத்தொன்று, குஞ்சோடு திரியும் காலம் இரண்டரை மாதம் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு பெட்டைக்கு ஆண்டில் மூன்று ஈடுதான் வரும். கணக்குப் பார்ப்பவருக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த இரண்டரை மாதத்தில் தாய்க்கோழி செய்யும் வேலைக்கு நாம் ஆள் வைத்துக் கூலி கொடுக்க முடியாது. பருந்தின் நிழல் மணலில் விழுந்த மறுகணம் அது எழுப்பும் ஒலிக்கு எட்டுக் குஞ்சுகளும் பனங்கருக்கு வேலியின் அடியில் மறைந்துவிடுகின்றன. மஞ்சளும் பழுப்பும் புள்ளியுமாக இருக்கும் பெட்டை, காய்ந்த ஓலைச் சருகில் உட்கார்ந்தால் இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது. இரவில் வேம்பிலோ புங்கிலோ ஏறி அடைந்துவிடும். கீரிக்கும் நாய்க்கும் எட்டாது. மேய்ச்சல் இருக்கும் மாதங்களில் காலையில் ஒரு கை கம்பும் மாலையில் ஒரு கை நொய்யும் போதும்.

சிறுவிடைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பறக்கும். மிளகாய்த் தோட்டம் பக்கத்தில் இருந்தால் நாற்று நடும் பருவத்தில் அண்டை வீட்டாரோடு மனவருத்தம் வரும். அந்த நாட்களில் மீன்பிடி வலையால் அடைத்த இடத்துக்குள் விடுவதுதான் வழி. மற்றொன்று, கலப்பு இல்லாத சிறுவிடை எது என்று சொல்வது கடினம். கால் மெல்லியதாகவும் சாம்பலோ மஞ்சளோ பூத்ததாகவும், உடல் கச்சிதமாகவும், தலை சிறியதாகவும் இருப்பதைப் பார்த்து எடுப்பது ஒரு பகுதிதான். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டையின் தாய் அடை உட்கார்ந்ததா, எத்தனை குஞ்சுகளை ஆளாக்கியது என்பதைக் கேட்டு வாங்குவது. சந்தையில் வாங்கினால் இதைக் கேட்க முடியாது. சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்து உட்கிராமங்களில் பழைய வீடுகளைத் தேடிப்போய், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசித்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கிய நான்கு பெட்டைகள், சந்தையில் வாங்கிய இருபதுக்குச் சமம்.

பெருவிடை முற்றிலும் வேறு உலகம். சேவல் மூன்று கிலோவைத் தாண்டும், நான்கைத் தொடுவதும் உண்டு. பெட்டை இரண்டிலிருந்து மூன்று கிலோ வரும். நெஞ்சு நிமிர்ந்து, கழுத்து நீண்டு, கொண்டை பட்டாணிப் பருப்புகளை ஒட்டவைத்தது போலத் தாழ்ந்து இருக்கும். கீரி, மயில், காகம், வள்ளுவர், செவலை, பேடு என்று நிறத்துக்கு ஒரு பெயரும் பெயருக்கு ஒரு கூட்டமும் உண்டு. கிளிமூக்கு விசிறிவால் என்னும் அழகுச் சேவல்கள் கண்காட்சிகளில் வெல்வதையும், அவை நம்ப முடியாத விலைக்குக் கைமாறுவதையும் பார்த்து இளைஞர்கள் பலர் இதில் இறங்குகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் பெருவிடை இனம் அழியாமல் நிற்பதற்கு அந்த ஆர்வமே பெரும் காரணம். ஆனால் சேவலைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், அந்தச் சந்தையை நம்பி வளர்ப்பவர் காவல் நிலையத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சட்டத்தை விடவும் வீட்டு வளர்ப்புக்குத் தடையாக இருப்பது இடம். பெருவிடைச் சேவல் குஞ்சுகள் சிறு வயதிலேயே ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். நான்கைந்து மாதத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரு காலைப்பொழுதில் இரண்டு கண்ணும் போன சேவலைத்தான் கையில் எடுப்போம். எட்டுச் சேவல் குஞ்சு பொரித்தால் எட்டு அடைப்பு வேண்டும். கடல் காற்றில் கம்பிவலை இரண்டு மூன்று ஆண்டுகளில் துருப்பிடித்து உதிர்ந்துவிடுவதால் அந்தச் செலவு மீண்டும் மீண்டும் வரும். முட்டையும் குறைவு. அசில் பெட்டை ஆண்டுக்கு அறுபதிலிருந்து தொண்ணூறு வரை இடுவதாகச் சொல்வது நல்ல பராமரிப்பில் கிடைக்கும் கணக்கு. நம் கோடைக்குப் பிறகு அதில் பாதியைக் கண்டாலே மகிழ்ச்சி அடைய வேண்டும். பெட்டை அடையை விட்டு எளிதில் எழாது, குஞ்சுக்காகப் பாம்போடும் போராடும், ஆனால் உடல் கனமாக இருப்பதால் காலடியில் முட்டை உடைவது சிறுவிடையைவிட அதிகம். பெருவிடை முட்டையைச் சிறுவிடைப் பெட்டையின் கீழ் வைத்துப் பொரிக்க வைப்பவர்கள் பலர் உண்டு. பெருவிடை வளர்ப்பவருக்கும் கடைசியில் சிறுவிடை தேவைப்படுகிறது என்பது கவனிக்க வேண்டிய ஒன்று.

கருங்கோழியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சற்று வருத்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் சுத்தமான கடக்நாத் என்று சொல்லி இருபது குஞ்சுகள் வாங்கினேன். உப்பு கலந்த தண்ணீரையும் வைகாசி வெயிலையும் தாண்டி ஒன்பது குஞ்சுகள் பெரிதாயின. அவற்றில் ஐந்துக்கு நாக்கும் வாயின் உட்புறமும் சிவப்பாகவே இருந்தன. தோலையும் தசையையும் எலும்பையும் கறுக்கச் செய்யும் மரபுக்கூறு கலப்பிலும் மேலோங்கி நிற்கும். அதனால் பாதி இரத்தம் கலந்த குஞ்சும் சின்ன வயதில் கறுப்பாகவே தெரியும். இறகின் நிறத்தைப் பார்த்து வாங்கியது என் பிழை. நாக்கு, கொண்டை, விரலிடுக்கு, ஆசனவாய்த் தோல் இவற்றைப் பார்த்திருக்க வேண்டும். அதோடு, பொரித்த குஞ்சுகளில் எத்தனை வெளிறி வருகின்றன என்று இரண்டு ஈடுகளாவது பார்த்த பிறகுதான் ஒரு கூட்டத்தைச் சுத்தம் என்று சொல்ல முடியும். முட்டையும் கறுப்பாக இருக்கும் என்று சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம். கடக்நாத் முட்டை வெளிர்ப் பழுப்பு நிறம்.

அந்த இனத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஜாபுவா மாவட்டத்துப் பில், பிலாலா பழங்குடி மக்கள் காத்துவந்த அருமையான கோழி அது. 2018இல் மத்தியப் பிரதேசத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரிய பண்ணையாக, மின் பொரிப்பானோடு, நகரத்து வாடிக்கையாளரை முன்னதாகவே பிடித்துவைத்துச் செய்பவருக்கு அது ஏற்றது. ஆனால் கடக்நாத் பெட்டை அடைகாப்பதில் நம்பத்தக்கதன்று. கேறினாலும் பாதியில் எழுந்துவிடுவதே மிகுதி. என் அளவுகோலில் அது இங்கேயே தவறிவிடுகிறது. கருங்கோழிக் கறியை மருந்து என்று சொல்லி விற்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நம்பிக்கையில் ஏறிய விலை, குஞ்சு விற்பவர் பெருகியதும் இறங்கியது. இறங்கும்போது கடைசியாக வாங்கியவர்களே நட்டப்பட்டார்கள்.

கழுத்தறுத்தான் என்ற பெயரைக் கேட்டே சிலர் முகம் சுளிக்கிறார்கள். நோய் வந்து இறகு கொட்டிய கோழி என்று எண்ணி விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரத்துப் பக்கம் பெயர்பெற்ற இந்தக் கோழியை நம் கடற்கரையிலும் அங்கங்கே காணலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்தும், இறகில்லாத தோல் வழியாகவும்தான் உடல் சூட்டை வெளியே தள்ள முடியும். கழுத்து முழுக்கத் தோலாக இருக்கும் கோழிக்கு உடலிலும் இறகு குறைவு. சாதாரணக் கோழியை ஒப்பிட்டால் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறையும். சித்திரை வைகாசியில் மற்ற பெட்டைகள் சிறகை விரித்து நிழலில் கிடக்கும் நடுப்பகலிலும் இது மேய்ந்துகொண்டிருப்பதை என் தோப்பில் பார்க்கிறேன். முட்டை இடுவதையும் அந்த மாதங்களில் முழுதாக நிறுத்துவதில்லை.

இதன் மரபு எளிமையானது. எனவே சிறிய அளவில் காப்பவருக்கு வசதியானது. கழுத்தில் இறகே இல்லாத ஒன்றையும் இறகுள்ள ஒன்றையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளுக்கும் கழுத்து வெறுமையாக, முன்புறம் மட்டும் ஒரு சிறு இறகுக் கொத்தோடு வரும். அந்தக் கொத்துள்ள இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று முழு வெறுங்கழுத்து, இரண்டு கொத்துக்கழுத்து, ஒன்று இறகுக்கழுத்து என்ற விகிதத்தில் பிரியும். ஆகவே கழுத்தறுத்தானைத் தனி இனமாகப் பிரித்து வைக்காமல், சிறுவிடைக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு சேவலின் வழியாகக் கொண்டுவர முடியும். அடைகாக்கும் குணம் சிறுவிடையிலிருந்து வரும், வெயில் தாங்கும் தன்மை சேவலிலிருந்து வரும். தூய்மையை வலியுறுத்துபவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். இறகுக்கழுத்துச் சிறுவிடை ஒரு கூட்டமாகக் கலக்காமல் தனியே இருக்கும்வரை, இன்னொரு கூட்டத்தில் இதைச் செய்வதில் தவறில்லை என்பது என் கருத்து. மார்கழிப் பனியில் வெறுங்கழுத்துக் குஞ்சுகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் கதகதப்பு வேண்டும்.

வனராஜா, கிராமப்பிரியா, நாமக்கல் கோழி, நந்தனம் கோழி போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முட்டை வேண்டும், அதுவே நோக்கம் என்றால் அவைதான் சரி. தயங்காமல் அவற்றை வாங்கலாம். ஆனால் அவை அடை உட்காரா. அவற்றின் குஞ்சுகள் தாய் தந்தையின் குணத்தை அப்படியே கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பொரிப்பகத்துக்கே போக வேண்டும்.

அடைக்கோழியா, மின் பொரிப்பானா என்பது இனத் தேர்வோடு சேர்ந்தே முடிவாக வேண்டியது. பொரிப்பானில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும், பதினெட்டு நாள் வரை முட்டையைத் திருப்ப வேண்டும், கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். புயல் நாளில் மின்சாரம் அரை நாள் போனால் ஒரு மாத உழைப்பு கூழ்முட்டையாகிவிடும். பொரித்த பிறகும் முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெட்டைக்கோ ஒரு மண்சட்டி, கொஞ்சம் மணல், வைக்கோல், பன்னிரண்டு முட்டை போதும். அடை வைக்கும்போது ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் நம் ஊர்க் குண்டு மிளகாய் ஒன்றும் சட்டியில் போடுவது எங்கள் அப்பத்தாவின் வழக்கம், இடிக்கு முட்டை கெடாது என்பார். இடிக்கு அது உதவுகிறதோ இல்லையோ, அப்பத்தாவின் நினைவாக நான் இன்றும் போடுகிறேன். செல்லுப்பூச்சி வராமல் இருக்க வேப்பிலையும் சாம்பலும் சேர்ப்பேன். ஏழாம் நாள் இரவு முட்டையை விளக்கின் முன் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிட்டால் மற்றவை நன்றாக இருக்கும்.

ஒன்றை மட்டும் நம் வெயில் கடினமாக்குகிறது. 20 டிகிரிக்கு மேல் வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துவிடும். மற்ற இடங்களில் ஏழு நாள் முட்டையைச் சேர்த்து வைக்கலாம் என்றால், நம் கோடையில் இரவிலும் சூடு இறங்காததால் மூன்று நான்கு நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெட்டைகளின் புது முட்டைகளைச் சேர்த்து, முதலில் கேறியதன் கீழ் வைப்பது இதற்கு ஒரு வழி. எந்தப் பெட்டையின் முட்டை என்று பென்சிலால் குறித்துவிட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் அடுத்துச் சொல்லப்போவது எதுவும் நடக்காது.

அது சேவல் கணக்கு. ஒரு சேவலும் பன்னிரண்டு பெட்டையும் போதும் என்பது பழக்கம். கறிக்காக வளர்ப்பவருக்கு அது போதும். இனத்தைக் காப்பவருக்குப் போதாது. அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சேவல்தான் தந்தை என்பதால், பதின்மூன்று கோழி இருந்தாலும் மரபுக் கணக்கில் அது நான்கு கோழிக்கும் குறைவாகவே மதிப்புப் பெறும். ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்வது, சுமார் பதின்மூன்றரை சதவீதம் ஏறும். அதே பன்னிரண்டு பெட்டைக்கு நான்கு சேவல் இருந்தால் ஏற்றம் நான்கு சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். உறவுக் கலப்பு ஏறுவது உடனே கண்ணுக்குத் தெரியாது. முதலில் கூழ்முட்டை கூடும், பிறகு பொரித்த குஞ்சு காரணமின்றிச் சாகும், அதன்பின் வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளைநோய் ஒருமுறை வந்தால் கூட்டமே போய்விடும். இராசியில்லாத வீடு என்று ஊர் சொல்லும் வீடுகளில் பலவற்றில் பத்து ஆண்டுகளாக ஒரே சேவலின் வழி ஓடிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பெருவிடையில் நான்கு சேவல் வைப்பது ஒரு சிறு வீட்டால் ஆகாத காரியம். கருங்கோழியில் நான்கு உறவில்லாச் சேவல்களைத் தேடுவதற்கே வேறு மாநிலம் போக வேண்டும். சிறுவிடைச் சேவல்கள் குஞ்சிலிருந்தே ஒன்றாக வளர்ந்தால், பரந்த தோப்பில் பெரும் சண்டையின்றி மூத்தது இளையது என்று வரிசை வைத்துக்கொண்டு வாழும். நான் சிறுவிடையைத் தேர்ந்ததற்கு அடைகாக்கும் குணத்துக்கு அடுத்த காரணம் இதுதான்.

தடுப்பூசியிலும் சிறிய வளர்ப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசியும் போட வேண்டும். மருந்து வரும் குப்பியோ நூறு கோழிக்கும் அதற்கு மேலும் ஆனது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் இதற்காகத் தனியாக அலைந்து சலித்து, பிறகு போடாமலே விட்டுவிடுகிறார். நான்கைந்து வீடுகள் ஒரே வாரத்தில் அடை வைத்துக்கொண்டால் ஒரு குப்பி எல்லாருக்கும் ஆகும். கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமைத் தவறவிடக் கூடாது. ஐப்பசி மழைக்குப் பின் கொசு பெருகும்போது அம்மை பரவும் என்பதால், ஆவணியில் பொரித்த குஞ்சுகளுக்கு அம்மைத் தடுப்பூசியும் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பருவத்தையும் விற்பனையையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டில் இரண்டு அடைதான் உண்மையில் பலன் தருகிறது. தை பிறந்ததும் வைக்கும் அடையில் வரும் குஞ்சுகள் கத்தரி வெயிலுக்கு முன்பே இறகு கட்டிவிடும். அந்தச் சேவல்கள் ஆடியில் கோயில் நேர்த்திக்கடனுக்குத் தயாராகும். ஆவணியில் வைப்பது மாசிச் சிவராத்திரிக் குலதெய்வ வழிபாட்டுக்கு ஆகும். கருஞ்சேவல் வேண்டும், செஞ்சேவல் வேண்டும் என்று நிறம் சொல்லித் தேடி வருபவர்கள் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் வரத்துக் குறைந்து, நாட்டுக்கோழியைக் கேட்டு வருபவர்கள் கூடுகிறார்கள். படகில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அந்த இரண்டு மாதமும் கையில் காசு இருக்காது. அவர்கள் வீட்டில் முந்தைய ஆவணி ஈட்டில் வந்த ஐந்தாறு சேவல்கள் இருந்தால் அது எவ்வளவு ஆறுதல் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

ஆகவே எனக்குத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லும் விடை, ஒரு சிறுவிடைக் கூட்டம். வெயில் மிகுந்த, நிழல் குறைந்த இடமென்றால் அதோடு கழுத்தறுத்தான் சேவல் ஒன்று வழியாக இரண்டாவது கூட்டம். பெருவிடையில் மனம் வைத்தவர் அதை மட்டுமே செய்யட்டும், முழு நேரமும் கொடுக்கட்டும். கருங்கோழியைக் கடலோர வீட்டு வளர்ப்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நான்கையும் இரண்டிரண்டாக வாங்கி ஒரே முற்றத்தில் விடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். ஓராண்டில் எந்த இனமும் இல்லாத ஒரு கூட்டம்தான் மிஞ்சும்.

நான்கு சேவல் வைக்க இடமில்லாதவருக்கும் வழி உண்டு. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக மூன்று வீடுகள் சேர்ந்து இதைச் செய்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்தாறு பெட்டை, ஒரு சேவல். பிறந்த பெட்டைக்குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே நிற்கும். நல்ல சேவல்குஞ்சு ஒன்று மட்டும் தையில் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து ஒன்று மூன்றாம் வீட்டுக்கு, மூன்றாம் வீட்டிலிருந்து ஒன்று முதல் வீட்டுக்கு. எந்தத் திசையில் போகிறது என்பதை ஒருபோதும் மாற்றுவதில்லை. சேவலின் காலில் வலைநூல் கட்டி அடையாளம் வைக்கிறோம். எங்கள் வீட்டுக்குப் பச்சை. இந்தத் தையில் எங்களுக்கு வர வேண்டியது நீல நூல் கட்டிய செஞ்சேவல். பழைய சேவலை அதற்கு முன்பே மாற்றி, பஞ்சாரத்தைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.